எந்த பெனிக்னா?

முதல் சுற்றிலேயே மெலானியோ "நன்றி" என்று சொல்லிவிட்டார்.

குடுவையை நீட்டிய எர்மெலிந்தாவின் கை அந்தரத்தில் நின்றது. தெரெரே குடிக்கும்போது "நன்றி" என்றால் "போதும், இனி எனக்கு ஊற்றாதே" என்று அர்த்தம். குடுவையில் போட்ட இலைத்தூளில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குழலால் உறிஞ்சும் அந்தத் தெரெரேயை மெலானியோ நாற்பது வருடத்தில் ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் குடுவை. கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் நின்றபோதுகூட அவர் கோட்டுப் பையில் உறிஞ்சுகுழல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு நன்றி?"

"நன்றின்னா நன்றிதான் கிழவி. விடேன்."

சொல்லிவிட்டு எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். நடையில் ஓர் அவசரம் இருந்தது.

மாமரத்தடியில் மூன்றாவது நாற்காலியில் இருந்த பக்கத்து வீட்டு நிமியா, தன் முறைக்குக் குடுவையை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டு மனுஷனும் இப்படித்தான் ஆரம்பிச்சார்."

"எதை ஆரம்பிச்சார்?"

"முதல்ல தெரெரே வேணாம்னார். அப்புறம் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பிச்சார். அதுக்கப்புறம்தான் அந்த மருந்துக் கடைக்காரி."

எர்மெலிந்தா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். இஸ்திரி. இரண்டு மாதமாக மெலானியோ செவ்வாயும் வியாழனும் மதியத் தூக்கம் முடிந்ததும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டுகிறார். செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் பக்கத்து ஊர் ககூபேக்குப் போகிறார். "பழைய டிரைவருங்களைப் பாக்கப் போறேன்." வியாழக்கிழமை ஓடைப் பக்கம் நடக்கிறார். "காலுக்கு நல்லது."

"வேற ஏதாவது கவனிச்சீங்களா?" என்றாள் நிமியா.

"பூசையில முன் வரிசையில உக்கார்றவர் இப்ப வாசல் பக்கம் உக்கார்றார். கால்பந்து ஆட்டம் பாக்கறப்ப பாதியில மூணு தடவை எழுந்து போறார். ஒரு இடத்துல நிலைகொள்ள மாட்டேங்கறார்."

"காதல்னா அப்படித்தான்க்கா."

"அறுபத்தேழு வயசுலயா?"

"எங்க வீட்டு மனுஷனுக்கு எழுபத்தொண்ணு."

இந்த மனிதருக்கு எங்கள் பிரிபெபுய் ஊர் வைத்த பெயர் 'நிக்காத மெலானியோ'. தலைநகர் அசுன்சியோனில் வண்டியை எடுத்தால் ஆறு மணி நேரம் கழித்து என்கார்னாசியோனில்தான் இறங்குவார். நடுவில் பயணிகள் கால்களைப் பின்னிக்கொண்டு கெஞ்சினாலும், "நான் அடக்கிக்கிட்டுதானே ஓட்டுறேன்? உங்களுக்கு என்ன?" என்பார். அப்பேர்ப்பட்டவரால் தொண்ணூறு நிமிட ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எர்மெலிந்தாவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது கல்யாண நாள். பாதிரியார் இருவரையும் பீடத்துக்கு முன் நிறுத்தி, ஊர் பார்க்க மறுபடியும் "சம்மதமா?" என்று கேட்கப்போகிறார். நீல உடுப்பு தைத்து வந்தாயிற்று. ஐம்பது பேருக்குச் சொல்லியாயிற்று.

"உள்ளுக்குள்ள ஒண்ணை வெச்சுக்கிட்டு ஊர் முன்னாடி என் கையைப் பிடிப்பாரா? நான் விட மாட்டேன்" என்றாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு வைத்தியம் பண்ணிப் பாக்கலாம்" என்ற நிமியா, வேலி ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி செடியைப் பிடுங்கி வந்தாள். "குதிரைவால். காலையில பால்ல கொதிக்க வெச்சுக் குடுங்க. ரத்தம் சுத்தமாகும். ரத்தம் சுத்தமானா ஆம்பளைக்குப் புத்தி சுத்தமாகும். கால் வீட்டுல நிக்கும்."

மறுநாள் காலை எர்மெலிந்தா அதைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். மெலானியோ, "என்ன, புல் வாடை அடிக்குது?" என்றபடி குடித்தார்.

கால் வீட்டில் நிற்கவில்லை. அன்று மதியத்துக்குள் ஒன்பது தடவை கொய்யா மரங்களுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைப் பக்கம் ஓடினார். ஒன்பதாவது தடவை கையில் போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அடுத்த நாள் எர்மெலிந்தா குதிரைவாலை இரண்டு மடங்காக்கினாள். பதினான்கு தடவை. அதில் ஆறு தடவை போனோடு.

பதினான்காவது தடவை அவளும் பின்னாலேயே போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் கோழித்தீவனக் கூடையோடு நின்றாள். உள்ளே மெலானியோ தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் நாற்பது வருடம் பஸ் எஞ்சினோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"பெனிக்னாதான் அண்ணே! ஆமா, பெனிக்னா. கடவுள் காப்பாத்திட்டார். மத்தவளா இருந்திருந்தா என் கதை முடிஞ்சுது."

கூடை சரிந்தது. கோழிகள் ஓடி வந்தன.

"...வயசானா முக்காவாசி ஆம்பளைக்கும் ஒண்ணு வந்துடுமாம். உனக்கும் இருக்குமாம் பாத்துக்க... இல்ல இல்ல, இவளுக்கு எதுவும் தெரியாது. சொன்னா எனக்குத்தான் வெக்கம்... வெட்டிவிட வேணாமாம். கூடவே வாழப் பழகிக்கணுமாம்."

கூடவே வாழ! எர்மெலிந்தா கோழிகளை மிதிக்காமல் வீட்டுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் தொங்கிய இஸ்திரிச் சட்டையின் பையைத் துழாவினாள். காலண்டரில் கிழித்த தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. மெலானியோவின் கோழிக் கிறுக்கல்தான்.

அதை நிமியாவிடம் நீட்டினாள். நிமியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இப்பெர்பிளாசியா... பி... பெனிக்னா. நிக்தூரியா, நாலு தடவை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு பேரா!" என்றாள் எர்மெலிந்தா.

"இருங்கக்கா, அவசரப்படாதீங்க. இப்பெர்பிளாசியா பெனிக்னாங்கறது ஒரே ஆளா இருக்கலாம். எங்க பெரியம்மா பேரு எஸ்கொலாஸ்திகா. அந்தக் காலத்துல காலண்டர்ல எந்தப் புனிதர் பேரு இருந்துதோ அதைத்தான் வெச்சாங்க."

"அப்ப நிக்தூரியா?"

"அது நம்ம ஊரு இல்ல. ஆத்துக்கு அக்கரை, அர்ஜென்டினாக்காரியா இருப்பா."

"நாலு தடவைன்னு எழுதியிருக்காரே!"

நிமியா கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த வயசுல அதெல்லாம் எழுதி வெச்சாத்தான் ஞாபகம் இருக்கும்."

எங்கள் ஊரில் பெனிக்னா என்ற பெயரில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் எர்மெலிந்தா முகம் கழுவி, செருப்பு மாட்டி, மூவரையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

முதல் பெனிக்னா பஸ்ஸில் ஏறி ஏறிச் சிப்பா ரொட்டி விற்பவள். நிறுத்தத்தில் தலையில் கூடையோடு நின்றவளின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்து, "என் புருஷனை விட்டுடு" என்றாள் எர்மெலிந்தா.

"எந்தப் புருஷனை?" என்று அவள் கேட்ட குரலில் கிளம்பப்போன பஸ் நின்றது. "அந்த நிக்காத மெலானியோவையா? பதினஞ்சு வருஷம் என்னை வண்டியில ஏத்தாம புழுதி அடிச்சுட்டுப் போனானே, அவனையா? ஏ ஜனங்களே, இந்தம்மா சொல்றதைக் கேளுங்க!"

பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் கேட்டார்கள். அவர்கள் போய் இறங்கிய ஊர்களிலும் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிப்பா பெனிக்னாவின் கணவன் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, மனைவியின் கூடையைச் சோதனை போட்டான்.

இரண்டாவது பெனிக்னா ஓய்வுபெற்ற டீச்சர். எண்பத்தேழு வயது. எர்மெலிந்தா விஷயத்தைச் சொன்னதும் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"மெலானியோவா? இரண்டாம் வகுப்பு பையன்தானே? மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும். ஆறாம் வாய்ப்பாடு கடைசிவரைக்கும் வரல. அவனை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணப் போறேன்?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர்."

"மன்னிக்கறது இருக்கட்டும். அவனை ஆறாம் வாய்ப்பாடு எழுதிக் கொண்டாரச் சொல்லு."

மூன்றாவது பெனிக்னா ஓடைக்கரை வீட்டில் தனியாக இருப்பவள். கணவன் போய்ப் பத்து வருடம். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சிலந்தி வலை போலச் சன்னமான பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். எர்மெலிந்தாவைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

எர்மெலிந்தாவுக்கு இதற்குள் தொண்டை கட்டியிருந்தது. "மெலானியோவை விட்டுடு" என்றாள், கரகரவென்று.

அந்தப் பெனிக்னா பின்னலில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி" என்றாள்.

"என்ன, சரியா?"

"நீங்க சொன்னா சரிதான். வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க, தெரெரே குடிக்கிறீங்களா?"

எர்மெலிந்தா அழுகைக்குத் தயாராக வந்திருந்தாள். சண்டைக்கும் சத்தியத்துக்கும்கூடத் தயார்தான். "சரி"யை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. குழப்பத்தில் "நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் மெலானியோ மாமரத்தடியில் கால்மேல் கால் போட்டு, கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். எர்மெலிந்தா அவர் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு கிழவா. பெனிக்னா ஒத்துக்கிட்டா."

மெலானியோவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போயிற்று.

"எந்த... எந்த பெனிக்னா?"

"எந்த பெனிக்னாவா? எத்தனை பெனிக்னா வெச்சிருக்கே நீ? இந்தா, உன் கையால எழுதினதுதானே! ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நான் வர மாட்டேன். நீ போய் அந்த நிக்தூரியா கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லு!"

காலண்டர் தாள் அவர் மடியில் விழுந்தது. மெலானியோ குனிந்து பார்த்தார். பார்த்தார், பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது. தோள் குலுங்கியது.

"ஓ... இந்த பெனிக்னாவா!"

"சிரிக்கிறியா?"

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமைதானே? நீயும் கிளம்பு, ககூபேக்கு. அவளை உனக்குக் காட்டறேன்" என்றார் மெலானியோ. "அதுக்கு முன்னாடி கொஞ்சம் வழியை விடு. அவசரம்."

ககூபே ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மட்டும் அசுன்சியோனிலிருந்து சிறுநீர்ப் பாதை டாக்டர் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கலாம், குதிரைவால் சடை போட்ட பெண். எர்மெலிந்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் நிக்தூரியாவா?"

டாக்டரம்மா மெலானியோவைப் பார்த்தாள். மெலானியோ கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல சொல்லலையா நீங்க?"

"எப்படிச் சொல்றது டாக்டரம்மா? ஊரே என்னை நிக்காத மெலானியோன்னு கூப்பிடுது. இப்ப நின்னு நின்னு போறேன்னு தெரிஞ்சா என்னைப் பத்திப் பாட்டே கட்டிடுவாங்க."

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாள். மேலே ஒரு பை, கீழே ஒரு குழாய், குழாயைச் சுற்றி ஓர் உருண்டை.

"இது மூத்திரப்பைம்மா. இந்த உருண்டைதான் புராஸ்டேட் சுரப்பி. ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கறது. இளவயசுல வால்நட் கொட்டை அளவு. இப்ப இவருக்கு ஒரு சின்ன ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்திருக்கு. குழாய் இதுக்கு நடுவுலதான் போகுது."

எர்மெலிந்தா படத்தைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தாள். டாக்டரம்மா யோசித்துவிட்டு மெலானியோவைக் காட்டினாள்.

"டிரைவர் வீட்டம்மாதானே நீங்க? ஊருக்கு நடுவுல ரோடு போகுது. ஊர் வளருது. ரெண்டு பக்கமும் கடையை ரோட்டு மேலயே இழுத்துப் போட்டுட்டாங்க. பஸ் எப்படிப் போகும்? நின்னு நின்னுதான் போகும். முழுசும் இறங்காது. கொஞ்சம் மிச்சம் தங்கிடும். அதனால உடனே மறுபடி போகணும்னு தோணும்."

"அப்ப இப்பெர்பிளாசியா?"

"அதுதான் அந்த வளர்ச்சி. செல்லுங்க எண்ணிக்கையில பெருகிடுச்சு."

"அந்த பி?"

"புராஸ்டேட்."

"பெனிக்னா?"

"சாதுன்னு அர்த்தம்மா. பெனிக்னான்னா தீங்கு பண்ணாதது, புற்றுநோய் இல்லாதது. மலிக்னான்னா புற்று. ரத்தம் பாத்தோம், கையால தொட்டுப் பாத்தோம், ஸ்கேனும் எடுத்தோம். இது பெனிக்னாதான்."

கையால் தொட்டுப் பார்த்ததைச் சொன்னபோது மெலானியோ எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

எங்கள் பாஷையில் மேசையும் அவள்தான், கதவும் அவள்தான். சுரப்பியும் அவள்தான். 'மத்தவளா இருந்திருந்தா என் கதை முடிஞ்சுது' என்று கழிப்பறைக்குள் கேட்ட குரல் எர்மெலிந்தாவுக்கு இப்போதுதான் முழுதாகக் கேட்டது. இரண்டு மாதமாக இந்த மனிதர் பயந்துகொண்டு தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்தது.

"நிக்தூரியா?" என்று மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

"ராத்திரித் தூக்கத்துல எழுந்து எழுந்து போறது. நாலு தடவைன்னார். பக்கத்துல படுத்திருக்கற உங்களுக்குத் தெரியலையா?"

"நான் படுத்தா கட்டைம்மா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினாள். "இது குழாயைச் சுத்தி இருக்கற தசையைத் தளர்த்தும். படுக்கையிலேருந்து சட்டுனு எந்திரிக்காதீங்க, தலை சுத்தும். சாயங்காலத்துக்கு மேல தெரெரே வேணாம். சளி மாத்திரை எதையும் என்னைக் கேக்காம போடாதீங்க. சுத்தமா வரலைன்னா உடனே ஓடி வந்துடணும்." பேனாவை நிறுத்தினாள். "ஆமா, போன வாரம் போன்ல ஒரு நாளைக்குப் பதினாலு தடவைன்னீங்களே, அது எப்படி? வேற ஏதாவது பச்சிலை குடிச்சீங்களா?"

"இல்லையே" என்றார் மெலானியோ.

எர்மெலிந்தா தன் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள்.

"குதிரைவால்" என்றாள்.

"அது மூத்திரத்தை அதிகமாக்கற செடிம்மா!"

"ரெண்டு மடங்கு போட்டேன்" என்றாள், இன்னும் சின்னக் குரலில்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதி வழியில் மெலானியோ எழுந்துபோய் டிரைவரின் தோளைத் தொட்டு, "தம்பி, ஒரு நிமிஷம் ஓரங்கட்டு" என்றார். நிக்காத மெலானியோவே பஸ்ஸை நிறுத்தச் சொன்ன செய்தி, பஸ் வருவதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது.

ஒன்று மட்டும் எர்மெலிந்தாவுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அதை நிமியாவிடம் கேட்டாள்.

"எல்லாம் சரி, அந்த ஓடைக்கரை பெனிக்னா எதுக்குச் 'சரி'ன்னா?"

"அவளா? அவளுக்குக் காது மந்தம்க்கா. நீங்க தொண்டை கட்டிப்போய் என்ன சொன்னீங்களோ, அவளுக்கு என்ன கேட்டுதோ! எதைச் சொன்னாலும் சரின்னுடுவா."

"பாவம்" என்றாள் எர்மெலிந்தா. மூன்று பெனிக்னாக்களையும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நீல உடுப்பில் பீடத்தின் முன் நின்று, பாதிரியார் கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்!" என்று கோயில் அதிரச் சொன்னாள். மெலானியோவும் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு நிமிடம் போய்வந்தார். ஊர் கைதட்டியது.

மாமரத்தடியில் விருந்து. சிப்பா பெனிக்னா, "இனிமே எனக்கு பஸ் நிறுத்துவாரா, கேளுங்க" என்று சிரித்து மன்னித்தாள். டீச்சர் பெனிக்னா, மெலானியோ பயபக்தியோடு எழுதிக் கொடுத்த ஆறாம் வாய்ப்பாட்டில் இரண்டு தப்பைச் சுழித்துவிட்டு மன்னித்தார்.

ஓடைக்கரை பெனிக்னா கடைசியாக, கையில் ஒரு பின்னல் விரிப்போடு படலைத் திறந்துகொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் மெலானியோ தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "அவசரம்" என்று கொய்யா மரங்களுக்குப் பின்னால் ஓடினார். எல்லோரும் சிரித்தார்கள்.

எர்மெலிந்தா அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து கத்தினாள்.

"அன்னைக்கு நான் சொன்னதை மறந்துடும்மா! என் புருஷனுக்கு யாரும் இல்ல! அது ஒரு வியாதி! வெறும் சுரப்பி!"

"ஏன் கத்தறீங்க?" என்றாள் பெனிக்னா. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"அப்படியா?" எர்மெலிந்தா நிமிர்ந்தாள். "சரி, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. மனசுல வெச்சுக்காதே."

"உங்க மனசுல இப்ப ஒண்ணும் இல்லையே?"

"துளிகூட இல்ல."

ஓடைக்கரை பெனிக்னா நிம்மதியாக மூச்சு விட்டாள். எர்மெலிந்தா நீட்டிய குடுவையை வாங்கி ஒரு மிடறு உறிஞ்சினாள். நன்றி சொல்லவில்லை.

"அப்படின்னா இந்த வியாழக்கிழமையிலேருந்து அவரை மறுபடி வரச் சொல்லிடுங்க."